ஆபரேஷன் நடக்கும்போதே காது போகிறதா என்று தெரியுமா?

வாசகர் கேள்வி, ஜனவரி 6, 2024

அப்பாவுக்கு 61 வயது. கதவு சாத்துவது, லாரி போவது எல்லாம் கேட்கும். பேச்சு மட்டும் புரியாது. காது மெஷின் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. இப்போது வலது காதில் காக்ளியர் இம்பிளாண்ட் வைக்கலாம் என்கிறார்கள். வைத்தால் இப்போது கேட்கிற கொஞ்சமும் போய்விடும் என்று அத்தை பயமுறுத்துகிறார். ஆபரேஷன் நடக்கும்போதே உள்காதைக் கண்காணித்து, கேட்பு போகுமா நிற்குமா என்று சொல்லிவிடும் சோதனை ஒன்று இருக்கிறதாமே மேடம்? அது இருந்தால் பயமில்லைதானே?

ஜனவரி 6, இரவு

சோதனை இருக்கிறது. அது இருந்தால் பயமில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்புத் திறனைச் சோதித்து அளப்பவர். பதினோரு வருடமாக இம்பிளாண்ட் ஆபரேஷன்களில் தியேட்டருக்குள் உட்கார்ந்து அளவு எடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. அத்தை சொல்வது முழுப் பொய் இல்லை.

உங்கள் அப்பாவின் காது எந்த மாதிரி என்று நீங்கள் எழுதியதிலேயே தெரிகிறது. என்னிடம் வந்த ஒரு பாட்டி இதை ஒரே வரியில் சொன்னார்: "கிரைண்டர் ஓடுறது கேக்குது கண்ணு, குக்கர் விசில் கேக்கல." கனத்த ஒலிகள் பிழைத்திருக்கின்றன, கீச்சு ஒலிகள் செத்துவிட்டன. பேச்சில் உயிரெழுத்துகள் வந்து சேரும். ச, த, ட மாதிரி எழுத்துகள் வழியிலேயே விழுந்துவிடும். 'சட்டை' என்றால் 'அட்டை' என்று காதில் விழும். மெஷின் சத்தத்தைக் கூட்டும், செத்த இடத்தை எழுப்பாது. அதனால்தான் இரண்டு மெஷின் மாற்றியும் பேச்சு புரியவில்லை.

உள்காதில் இருக்கும் காக்ளியா நத்தைக் கூடு மாதிரி இரண்டரைச் சுற்று. வாசலில் கீச்சு ஒலி, உச்சியில் கனத்த ஒலி. காக்ளியர் இம்பிளாண்ட், செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி. அதன் மின்முனை ஒரு மெல்லிய கம்பி. அது வாசல் வழியாக நுழைந்து, செத்த பகுதியைத் தாண்டி, உயிரோடு இருக்கும் பகுதியை நோக்கிப் போகிறது. போகும் வழியில் ஒரு சவ்வைத் தள்ளினாலோ கிழித்தாலோ, பிழைத்திருந்ததும் போய்விடும். நீங்கள் கேள்விப்பட்ட சோதனை, கம்பி உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே அந்தப் பகுதி இன்னும் பேசுகிறதா என்று கேட்டுப் பார்ப்பது. பெயர் எலக்ட்ரோகாக்ளியோகிராபி. நாங்கள் ஈகாக் என்போம்.

ஜனவரி 7

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதினேன், ஒன்று விட்டுப்போனது. இம்பிளாண்ட் வைத்து முடித்ததும் மின்துடிப்பு கொடுத்து நரம்பு பதில் தருகிறதா என்று பார்ப்போம். அது பெரும்பாலும் எல்லா இடத்திலும் நடக்கிறது. "ஆபரேஷன்லயே டெஸ்ட் பண்ணிட்டாங்க, நல்லா இருக்காம்" என்று உறவினர்கள் சொல்வது அதைத்தான். ஈகாக் வேறு. அங்கே மின்துடிப்பு கிடையாது. மயக்கத்தில் இருப்பவரின் காதுத் துவாரத்தில் சின்ன இயர்போன் வைத்து நிஜ ஒலியைக் கொடுக்கிறோம். பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் என்ற கனத்த ஒலி, 100 டெசிபலுக்கு மேல். அந்த ஒலிக்கு உள்காதின் மயிர்செல்கள் (ஒலியை உணரும் நுண்ணிய செல்கள்) எழுப்பும் மின்சாரத்தை, உள்ளே போய்க்கொண்டிருக்கும் கம்பியின் நுனியே பிடித்து அனுப்புகிறது. வைக்கப்போகும் பொருளே காதுக்குள் மைக் மாதிரி வேலை செய்கிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: எல்லா மருத்துவமனையிலும் இது இல்லை. மென்பொருள் வேண்டும், ஒத்துப்போகும் இம்பிளாண்ட் வேண்டும், உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும். "ஈகாக் எடுப்பீர்களா?" என்று நேராகவே கேளுங்கள்.

ஜனவரி 9

தியேட்டரில் இது எப்படி நடக்கிறது என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார்.

காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, முக நரம்புக்கும் சுவை நரம்புக்கும் நடுவே சின்ன ஜன்னல் மாதிரி வழி எடுத்து, நடுக்காதுக்குள் எட்டிப் பார்க்கிறார் சர்ஜன். அங்கே வட்டச் சாளரம் என்ற சவ்வு. அதைத் திறந்து கம்பியைச் செருகுவார். அதுவரை தியேட்டரில் டிரில் சத்தம், சக்ஷன் சத்தம், யாராவது பேசும் சத்தம். சாளரம் திறந்ததும் எல்லாம் அடங்கிவிடும். அப்புறம் என் குரல் மட்டும்தான். திரையில் ஓடும் கோட்டைப் பார்த்து மைக்ரோவோல்ட் கணக்கைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். "இருபது... முப்பத்தஞ்சு... அறுபது..." நுனி உச்சியை நெருங்க நெருங்க எண் ஏற வேண்டும். ஏறினால் எல்லோருக்கும் மூச்சு சீராக இருக்கும்.

ஒருமுறை தொண்ணூறு வரை ஏறியது. அப்புறம் எழுபது, ஐம்பது. "விழுது சார்" என்றேன். கை அப்படியே நின்றது. அரை மில்லிமீட்டர் இருக்கும், பின்னால் இழுத்தார். காத்திருந்தோம். அறுபத்தைந்து, எண்பது. கம்பியைக் கொஞ்சம் திருப்பி, முன்பிருந்த வேகத்தில் பாதிக்கும் குறைவாக மறுபடி செலுத்தினார். மூன்று மாதம் கழித்து அந்த நோயாளியின் கனத்த ஒலிக் கேட்பு, ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததிலிருந்து 10 டெசிபல் மட்டுமே இறங்கியிருந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன்.

கோடு விழுந்தால் மயிர்செல் நசுங்குகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தினால் காப்பாற்றலாம்.

ஜனவரி 10

மேலே கடைசி இரண்டு வரியை எழுதியிருக்கக் கூடாது. அழிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் பல வருடம் நானே அப்படித்தான் நம்பினேன்.

கோடு விழ வேறு காரணங்களும் உண்டு. இயர்போன் குழாய், போர்த்திய துணிக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். நடுக்காதில் ரத்தமோ கழுவும் நீரோ தேங்கினால் ஒலி உள்ளே போவதே குறையும். இதெல்லாம் வெளியில் இருக்கும் காரணங்கள், தேடினால் கிடைத்துவிடும்.

உள்ளே இருப்பவைதான் சிக்கல். 500 ஹெர்ட்ஸுக்கு அதிகம் பதில் தரும் இடத்தை நுனி தாண்டிப் போய்விட்டால், எதுவுமே நசுங்காமல் எண் குறையும். கோயில் மணியைக் கடந்து நடந்தால் சத்தம் குறைகிற மாதிரி. மணி உடையவில்லை, நாம்தான் தள்ளி வந்துவிட்டோம். இன்னொன்று, நுனி பிடிக்கும் மின்சாரம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. பல இடத்து மயிர்செல்களிலிருந்தும், நரம்பிலிருந்தும் கலந்து வருகிறது. ஒன்று மேலே போகும்போது இன்னொன்று கீழே போனால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். திரையில் பள்ளம் தெரியும், காதில் பள்ளம் இருக்காது. சில சமயம் கம்பி சவ்வைச் சும்மா தொட்டு அதன் அசைவை நிறுத்தியிருக்கும். எடுத்தால் சரியாகிவிடும்.

இதைப் பிரித்துப் பார்க்கத்தான் இப்போது உயரத்தை மட்டும் பார்க்காமல், அலை வந்து சேரும் நேரமும் நகர்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

ஜனவரி 10, மறுபடியும்

நான் ஏன் இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன் என்றால், ஒருமுறை நான் "விழுது" என்று சொல்லி, சர்ஜன் கம்பியைப் பாதிக்கு மேல் வெளியே எடுத்து, மறுபடி செலுத்தினார். அப்புறம்தான் பார்த்தோம், நடுக்காதில் நீர் தேங்கியிருந்தது. ஒருமுறை போயிருக்க வேண்டிய கம்பி இரண்டுமுறை போனது. அந்த நோயாளிக்குக் கேட்பு மிஞ்சவில்லை. இரண்டாவது முறை செலுத்தியதால்தான் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு, எண் குறைந்தால் முதலில் "நிறுத்துங்க சார்" என்று மட்டும் சொல்கிறேன். குழாயைப் பார்க்கிறேன், நீரைப் பார்க்கச் சொல்கிறேன். அப்புறம்தான் இழுப்பதைப் பற்றிப் பேச்சு.

ஜனவரி 11

"அப்படியானால் இந்தச் சோதனையால் என்ன பயன்?" நியாயமான கேள்வி.

மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சரியான முறையில் சோதித்தார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவில் மட்டும் சமிக்ஞை 30 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் சர்ஜனுக்குச் சொல்லிக் கம்பியைச் செலுத்தும் விதத்தை மாற்ற வைத்தார்கள். 2022ல் வெளியான அந்த முடிவில், சொல்லப்பட்ட குழுவுக்குக் கேட்பு கூடுதலாக மிஞ்சியது. ஆகப் பயன் இருக்கிறது. கோடு பொய்யும் சொல்லும் என்றாலும், கையை நிறுத்த வைப்பதே ஒரு பலன். காதுக்குள்ளே என்ன நடக்கிறது என்று சர்ஜனின் விரலுக்குத் தெரியாது. சவ்வு கிழிய வேண்டிய விசை அவ்வளவு குறைவு.

ஜனவரி 12

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1930ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் வீவர், பிரே என்ற இருவர் மயக்கத்தில் இருந்த ஒரு பூனையின் செவி நரம்பில் மின்முனை வைத்து, கம்பியை இன்னொரு அறைக்கு இழுத்துத் தொலைபேசிக் குழலில் இணைத்தார்கள். பூனையின் காதருகே ஒருவர் பேசினால், தூரத்து அறையில் இருப்பவருக்குப் பேச்சு புரியும் அளவுக்குக் கேட்டது! நரம்புதான் இப்படிப் பேச்சைச் சுமக்கிறது என்று நினைத்தார்கள். அடுத்த வருடமே ஏட்ரியன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, இது நரம்பு இல்லை, காக்ளியாவே மைக் மாதிரி எழுப்பும் மின்சாரம் என்றார். காக்ளியர் மைக்ரோஃபோனிக் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. தியேட்டரில் நான் எண் சொல்லும் சமிக்ஞையில் பெரும்பகுதி அதுதான். கிட்டத்தட்ட நூறு வருடப் பழைய பூனை.

அந்தத் தவறு இன்றைக்கும் பாடம். மைக்ரோஃபோனிக் நன்றாக இருப்பதற்கும் நரம்பு நன்றாக இருப்பதற்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. செவி நரம்பு ஒத்திசைவுக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு மைக்ரோஃபோனிக் அழகாக வரும், பேச்சு புரியாது.

ஜனவரி 15

ஒரு தாய் கேட்டிருக்கிறார், குழந்தைக்கு இதெல்லாம் வேண்டுமா என்று. தமிழக முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இம்பிளாண்ட் வைக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் காப்பாற்ற வேண்டிய கேட்பே ஆடியோகிராமில் (எந்த ஒலி எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்று காட்டும் தாள்) இருக்காது. ஆனாலும் மென்மையாக வைப்பது அவர்களுக்கும் தேவை. அந்தக் குழந்தை இன்னும் அறுபது, எழுபது வருடம் வாழும். இம்பிளாண்ட் ஒருநாள் பழுதாகும், அதே காதில் மாற்ற வேண்டி வரும். உள்ளே தழும்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

இன்னொரு விஷயம். அமெரிக்காவில் சேப்பல் ஹில் ஆராய்ச்சியாளர்கள் கம்பி நுழையும் முன்பே வட்டச் சாளரத்தில் ஈகாக் எடுத்துப் பார்த்தார்கள். ஆடியோகிராமில் ஒன்றுமில்லாத காதுகளில்கூடப் பெரும்பாலும் ஏதோ ஒரு பதில் வந்தது. இம்பிளாண்ட் வைத்த பிறகு பெரியவர்களுக்குப் பேச்சு எவ்வளவு புரிந்தது என்பதில் ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசத்தில் 40 முதல் 50 சதவீதத்தை அந்தப் பதிலின் அளவைக் கொண்டே விளக்க முடிந்தது. வயது, எத்தனை வருடம் கேட்காமல் இருந்தார் என்பதையெல்லாம் வைத்துத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய சேதி.

ஜனவரி 15, இரவு

ரோபோ வைத்தும் கம்பியைச் செலுத்துகிறார்களாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம், கம்பியைச் செலுத்த உதவும் கருவிக்கு 2021ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மனிதக் கையால் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு சீராகத் தள்ள முடியாது. நான் அதோடு வேலை செய்ததில்லை, இதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். அப்பாவுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், ஈகாக் எடுப்பார்கள், அதனால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று. அந்த நிம்மதிதான் என்னை மறுபடி எழுத வைக்கிறது.

முதல் குறிப்பில் சொன்ன கிரைண்டர் பாட்டியின் கதையை நான் முடிக்கவில்லை. அவருக்கு ஈகாக் எடுத்தது நான்தான். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கோடு ஏறிக்கொண்டே போனது. ஒரு பள்ளம்கூட இல்லை. வெளியே வந்து அவர் மகளிடம், "அம்மாவோட பழைய கேட்பு அப்படியே இருக்கும்" என்று சொன்னேன். ஒரு மாதத்தில் எடுத்த சோதனையில் அப்படியேதான் இருந்தது. நான்காவது மாதம் ஒன்றும் இல்லை. 250 ஹெர்ட்ஸிலும் இல்லை, 500லும் இல்லை.

இம்பிளாண்ட் அவருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. குக்கர் விசில் கேட்கிறது, பேத்தி போனில் பேசுவது புரிகிறது. ஆனால் ராத்திரி இம்பிளாண்டோடு காதில் மாட்டும் வெளிக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டால் கதவை இடித்தாலும் அந்தப் பக்கக் காதில் கேட்பதில்லை. "முன்னாடி கிரைண்டராவது கேட்டுச்சு கண்ணு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

கம்பி உள்ளே போகும் அந்தச் சில நிமிடங்களில் நடக்கும் காயத்தைத்தான் ஈகாக் பார்க்கிறது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடப்பதை அது பார்ப்பதில்லை. கம்பி ஒரு அந்நியப் பொருள். உடம்பு அதைச் சுற்றி அழற்சியை எழுப்பும், நார்த்திசு வளர்க்கும், சிலருக்கு எலும்பே வளரும். சவ்வின் அசைவு மெல்ல இறுகும். இதைக் குறைக்கத்தான் ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள்.

இது ஏதோ எங்கள் ஊரில் மட்டும் நடப்பது இல்லை. கேட்பைக் காப்பாற்றவே வடிவமைத்த, 16 மில்லிமீட்டர் மட்டுமே நீளமுள்ள ஹைப்ரிட் இம்பிளாண்டுக்கு 2014ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அதற்கான ஆய்வில் இருந்த 50 பேரில் 22 பேருக்கு அந்தக் காதின் கனத்த ஒலிக் கேட்பு முழுவதுமாகவோ கிட்டத்தட்ட முழுவதுமாகவோ போனது. அவர்களில் 6 பேர் மறுபடி ஆபரேஷன் செய்து வழக்கமான நீளக் கம்பிக்கு மாறினார்கள். அப்படியும் ஆய்வில் இருந்த பெரும்பாலோருக்குப் பேச்சு முன்பைவிட நன்றாகப் புரிந்தது. அதனால்தான் அனுமதி கிடைத்தது.

பிப்ரவரி 3

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "இப்படிப் பயமுறுத்தினால் யார் இம்பிளாண்ட் வைப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறார். வைக்காதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. என் அப்பாவாக இருந்தால் நாளைக்கே அழைத்துப் போவேன். வீட்டில் நாலு பேர் பேசும்போது புரியாமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தனிமை என்று தினமும் பார்க்கிறேன். பேச்சு புரிவதுதான் முதல் லாபம். மிச்சக் கேட்பு தங்கினால் அது இரண்டாவது லாபம்: பாட்டின் சுருதி, கூட்டத்தில் ஒரு குரலைப் பிரித்துக் கேட்பது. பிராங்க்ஃபர்ட்டில் 1999ல், மின்சாரத்தையும் மிஞ்சிய இயற்கைக் கேட்பையும் ஒரே காதில் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். அதிலிருந்துதான் மிச்சக் கேட்பைக் காப்பாற்றும் முயற்சி சூடுபிடித்தது. முயற்சி செய்வோம். நோயாளியிடம் உறுதி மட்டும் கொடுக்கக் கூடாது. நான் கொடுத்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு: ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் புதிய ஆடியோகிராம் ஒன்று எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 125 ஹெர்ட்ஸிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், பல இடங்களில் 250இலிருந்துதான் தொடங்குவார்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய தாளை வைத்து ஒப்பிட்டால் எதுவும் தெரியாது.

பிப்ரவரி 24

நல்லபடியாக முடிந்தது என்று சேதி வந்தது. கோடு பாதி வழியில் ஒருமுறை விழுந்ததாம், நிறுத்தி, காத்திருந்து, மறுபடி ஏறியதாம். அதற்குள் அத்தை, "விழுந்துடுச்சாமே, போச்சா?" என்று கேட்டுவிட்டாராம். அத்தையிடம் ஜனவரி 10 குறிப்பைப் படித்துக் காட்டுங்கள்.

ஜூன் 11

மூன்றாம் மாதச் சோதனையை அனுப்பியிருக்கிறார். இதில் டெசிபல் எண் கூடினால் கேட்பு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். 500 ஹெர்ட்ஸில் ஆபரேஷனுக்கு முன் 55, இப்போது 70. 250இல் 40, இப்போது 50. 125இல் மாற்றமில்லை. இவ்வளவு இருந்தால் அந்தக் காதிலேயே கனத்த ஒலிக்குச் சத்தம் கூட்டும் பகுதியையும் சேர்த்துப் போடலாம். ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள், தானாகச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அப்பா இப்போது 'சட்டை'யையும் 'அட்டை'யையும் பிரித்துச் சொல்கிறாராம். எனக்கு இதைவிட என்ன வேண்டும்.

ஆனால் பாட்டிக்குப் போனது நான்காம் மாதம். ஆகஸ்டில் ஒன்று, அடுத்த பிப்ரவரியில் ஒன்று, இரண்டு ஆடியோகிராமும் கட்டாயம் எடுங்கள். திடீரென்று ஒருநாள் கேட்பு குறைந்த மாதிரி இருந்தால் அந்தத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள். சீக்கிரம் ஸ்டீராய்டு கொடுத்துச் சிலருக்குத் திரும்பியிருக்கிறது. எடுத்த தாளை இந்த இழையிலேயே போடுங்கள். நல்லதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.